எலித்தீனிப் பொடி

நாள் 188 | 07:20

கலம் நலம். காற்று நலம். தண்ணீர்ச் சுழற்சி நலம். ஆள் சுமார்.

வெட்கக்கேடான சங்கதி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானாகச் சொல்லிச் சிரிக்கவைப்பது கௌரவம். நான் எலித்தீனி தின்கிறேன். நேற்று முதல். காலையில் ஒரு கைப்பிடி, சாயங்காலம் ஒரு கைப்பிடி. ஊர் ஊராகப் போய்ச் சத்துணவு பற்றிப் பேசி சால்வை வாங்கிய வாய் இது.

இதைக் கண்டெடுத்துப் படிக்கிறவர் யாரோ, எந்த வருஷமோ. அறிமுகம் செய்துகொள்கிறேன். பெயர் தாணுமாலயன். வயது ஐம்பத்து நான்கு. ஊர் நாகர்கோவில். தற்போதைய விலாசம், பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே, லாரிப் பெட்டி அளவில் ஓர் ஆய்வகம். கூடக் குடியிருப்பவர்கள் இருபது எலிகள். கலம் சுழன்றுகொண்டே இருப்பதால் கால் தரையில் நிற்கும். அந்த ஒரு சௌகரியத்தைச் சொல்லித்தான் என்னை மயக்கி ஏற்றினார்கள்.

எனக்கென்று வைட்டமின் மாத்திரை கொடுத்துத்தான் அனுப்பினார்கள். குளிர்பெட்டி மக்கர் செய்துவிட்டது. பின்னாலேயே இயந்திரச் சூடு. நான் கவனித்தபோது மாத்திரை எல்லாம் கருப்பட்டி நிறம். ஒன்றை உடைத்துச் சோதித்தேன். சி வைட்டமின் பெயருக்குக்கூட இல்லை. ஈ பரிதாபமாகக் கிடந்தது. இருக்காதா பின்னே? சூடு பட்டால் அதுகள் நிற்காது என்று நிரூபிக்கத்தானே நாலு வருஷம் முருங்கைக்கீரையை வேகவைத்து டாக்டர் பட்டம் வாங்கினேன்! எங்கள் வீட்டில் எலுமிச்சை சாதத்துக்கு அடுப்பை அணைத்த பிறகுதான் சாறு பிழியவேண்டும். அது சட்டம். என் மனைவி பகவதி ஒருநாள் மறந்து அடுப்பிலேயே பிழிந்துவிட்டாள். நான் ஆற்றிய உரை அந்த வாரம் முழுவதும் நீண்டது.

மிச்சம் இருக்கும் ஒரே நல்ல வைட்டமின் எலித்தீனியில்தான். அது வேறு குளிர்பெட்டி. எலிகளுக்கு நல்ல பெட்டி, எனக்குப் பழுதான பெட்டி. என்னை அனுப்பிவைத்த கமிட்டியின் முன்னுரிமை புரிகிறதல்லவா?

நாள் 189 | 08:05

கலம் நலம்.

நான் எதற்கு இங்கே என்று கேட்பீர்கள். மூளை ஒரு பணக்கார அப்பார்ட்மெண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் போகிற ரத்தக்குழாயின் சுவர்தான் கேட். சுவரின் செல்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வாட்ச்மேன்கள். சர்க்கரை வந்தால் சலாம் போட்டு விடுவார்கள். கண்டதும் வந்தால் துரத்துவார்கள். விண்வெளிக் கதிர்கள் உடம்பைத் துளைக்கும்போது ஆக்ஸிஜனிலிருந்து சில ரவுடிகள் பிறக்கிறார்கள். வாட்ச்மேன்களைப் போட்டு அடிக்கிறார்கள். தோள் விலகுகிறது. அந்த இடுக்கு வழியே ரத்தத்தில் திரியும் அத்தனை அழுக்கும் மூளைக்குள் குடியேறுகிறது. ஞாபகம் போகும், நிதானம் போகும், கடைசியில் ஆள் இருப்பான், ஆனால் இருக்கமாட்டான்.

ஈ வைட்டமின், சுவரின் கொழுப்புக்குள் உட்கார்ந்து விழுகிற அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் மாப்பிள்ளை. சி வைட்டமின், விழுந்தவனைத் தூக்கி நிறுத்தி, 'போடா, அடுத்ததையும் வாங்கு' என்று அனுப்பிவைக்கும் மச்சான். இருவரும் இருந்தால் சுவர் தாங்கும் என்பது கொள்கை. தாங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை.

எலிகள் இரண்டு கூண்டில். வைட்டமின் தீனி தின்பவை மாப்பிள்ளை வீட்டார். வெறுந்தீனி தின்பவை பெண் வீட்டார். ஏன் அப்படிப் பெயர் என்று கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

சோதனை எளிது. ஒரு சொட்டு ரத்தம், ஒரு தாள். மூளைக்குள் மட்டும் இருக்கவேண்டிய ஒரு புரதம் வெளியே கசிந்திருந்தால் தாள் நீலமாகும். வெள்ளையாகவே இருந்தால் சுவர் கெட்டி.

மாப்பிள்ளை வீட்டார்: வெள்ளை. பெண் வீட்டார்: நீலம், நடையும் தள்ளாட்டம். நான்: வெள்ளை.

நாள் 192 | 10:40

கமிட்டியிடமிருந்து செய்தி. அனுப்பியவர் டாக்டர் ஜெசிந்தா, எங்கள் மருத்துவ அதிகாரி. அடுத்து இங்கே வரவிருக்கும் ஆறு பேர் வண்டியில் அவரும் ஒருவர். வண்டி என்னை ஏற்றிக்கொண்டு திரும்பும். ஆக, எனக்கு அவர் எமனுக்கு எதிர்ப்பதம்.

"தாணு சார், எலித்தீனி திங்கிறீங்களாமே! பதிவைப் படிச்சிட்டு ஆபீஸே ரெண்டா மடிஞ்சு கிடக்குது. வாலு முளைச்சா போட்டோ அனுப்புங்க. இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க வண்டிக்குக் கனமான கவசம் போடலை. போட்டா எடை தாங்காது. வைட்டமினை நம்பித்தான் கிளம்புறோம். எலி நல்லா இருக்குன்னு சொன்னேன். தலைவர் 'எலி கமிட்டி உறுப்பினர் இல்லையே'ங்குறாரு. மனுஷ சாட்சி வேணுமாம். அது நீங்க ஒருத்தர்தான். நாள் 236-க்குள்ள சொல்லணும். அதைத் தாண்டினா கிரகம் விலகிடும், மறுபடி ரெண்டு வருஷம். நல்ல சேதியாச் சொல்லுங்க சார், நான் பெட்டி கட்டியாச்சு."

பதில் அனுப்பினேன்: "டாக்டர், வால் இன்னும் இல்லை. மீசை கொஞ்சம் துடிக்கிறது. அந்தத் தீனியையே ஒருவேளையும் விடாமல் தின்று சாட்சி சொல்கிறேன். நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவரவும்."

தலைவரைப் பற்றி ஒரு கிசுகிசு எழுத வந்தேன். பதிவுகளை ஆபீஸே படிக்கிறதாம். இனி இந்தப் பதிவைப் பூட்டிவைக்கிறேன். கண்டெடுப்பவருக்கு மட்டும். தலைவரின் தலைமுடி அவருடையது இல்லை.

நாள் 199 | 07:50

கலம் நலம். வாய் நலமில்லை.

எலித்தீனியை நீங்கள் தின்றதில்லை என்று நம்புகிறேன். மரத்தூளில் மீன்முள்ளைக் கலந்து ஈர அட்டையில் பிசைந்தால் வரும். விழுங்க விழுங்கத் தொண்டை மறியல் செய்கிறது. நேற்றுப் பாதியைத் துப்பிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் கூண்டுக்குள்ளிருந்து ஏளனமாகப் பார்த்தார்கள்.

ஆனால் துப்பக்கூடாது. ஆறு பேர் இதை நம்பிக் கிளம்புகிறார்கள். என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கிளம்புகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

எனக்கு எடுத்த மூன்று தாளில் ஒன்று லேசாக ஏமாற்றுகிறது. ஓரத்தில் நீலம் மாதிரி. வெளிச்சக் கோளாறாக இருக்கும்.

நாள் 203 | 11:15

ஐடியா!

நாகர்கோவில்காரனுக்கு வாயில் இறங்காத ஒன்று இருந்தால் அதைப் பொடி ஆக்கவேண்டியதுதானே! இத்தனை நாள் தோன்றவே இல்லை பாருங்கள். என் சொந்தச் சாமான் எடையை முழுக்கப் பகவதிதான் கட்டித் தந்தாள். புத்தகம் கேட்டேன், வத்தல் மிளகாய் வைத்தாள். பாட்டுப்பெட்டி கேட்டேன், காயமும் நல்லெண்ணெயும் வைத்தாள். நான் அப்போது கத்தினேன். இப்போது அவள் திசை நோக்கிக் கும்பிட்டேன். எந்தத் திசை என்பதில் கொஞ்சம் குழப்பம்.

மாதிரிகளை உலர்த்தும் சின்ன அடுப்பு ஒன்று இங்கே உண்டு. அதில் தீனியைப் பரப்பி, மிளகாயும் காயமும் போட்டு, செக்கச்செவேல் என்று வறுத்தேன். வாசனை எழும்பியது பாருங்கள், அடடா. பிறகு இடித்து, நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து, பொட்டலச் சோற்றோடு. தொண்டை மறியலை வாபஸ் வாங்கியது.

உலர்த்தும் அடுப்பில் சமைக்கக்கூடாது என்பது விதி. ஆகவே கீழே யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

நாள் 211 | 09:30

கலம் நலம். பொடி பிரமாதம். ஒருவேளையும் விடுவதில்லை.

பல்துலக்கியை எலிக்கூண்டில் கண்டெடுத்தேன். எலி கொண்டுபோயிருக்க வழியில்லை. கழிப்பறைக்குப் போகும் வழியில் சாமான் அறைக்குப் போய், அங்கே கொஞ்ச நேரம் மரியாதையாக நின்றுகொண்டிருந்தேன். லாரிப் பெட்டிக்குள் வழி தவறிய முதல் மனிதன் என்று யாராவது சால்வை போடலாம்.

தாள்: நான், வெளிர் நீலம். மறுபடி எடுத்தேன். வெளிர் நீலம்.

மாப்பிள்ளை வீட்டார்: தும்பைப்பூ வெள்ளை.

நாள் 218 | 08:10

ஜெசிந்தா: "தாணு சார், நேத்து அனுப்பின செய்தியையே இன்னிக்கும் அனுப்பியிருக்கீங்க. எழுத்து மாறாம. சிப்ஸ் வாங்கியாச்சு சார், மூணாவது தடவை கேக்காதீங்க. தூங்குறீங்களா? தாள் என்ன சொல்லுது? வெள்ளைதானே? வெள்ளைன்னு சொல்லுங்க."

'நீலம்' என்று தட்டச்சு செய்தேன், அழித்தேன். 'தாள் தொகுதியில் பழுது இருக்கலாம், சரிபார்க்கிறேன்' என்று அனுப்பினேன்.

பழுது இல்லை. அதே தொகுதித் தாளில்தான் எலிகளுக்கு வெள்ளை வருகிறது.

அலுப்பாக இருக்கிறது. பயமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, பயத்துக்கு ஒரு சுறுசுறுப்பு உண்டு. இது துணி துவைத்துப் பிழிந்து கொடியில் போட மறந்த மாதிரி ஓர் அலுப்பு.

நாள் 225 | 10:00 இருக்கும்

யோசித்துப் பார்த்ததை எழுதிவைக்கிறேன், பிறகு இருக்குமோ என்னவோ.

அந்தத் தீனிதான் அவையும் தின்கின்றன. அந்தத் தீனிதான் நானும் தின்கிறேன். ஒரு வேளையும் விட்டதில்லை. அளவு சரி. அவற்றுக்குச் சுவர் தாங்குகிறது. எனக்குக் கசிகிறது. அப்படியானால் ஒரே பொருள்தான். எலிக்கு ஒத்துக்கொள்கிறது, மனுஷனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையும் மச்சானும் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, அடிதடி என்றதும் பின்வாசல் வழியே போய்விட்டார்கள்.

வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று மூன்று தடவை யோசித்தேன். எங்கோ ஒன்று நெருடுகிறது. நுனிநாக்கில் நிற்கிறது. முருங்கைக்கீரை என்று மட்டும் வருகிறது. முருங்கைக்கீரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பசியாக இருக்கும். பொடி வறுத்துச் சாப்பிட்டேன்.

நாள் 231 | காலை

வெள்ளை என்று சொன்னால் வண்டி கிளம்பும். நான் வீட்டுக்குப் போவேன். வடசேரிச் சந்தையில் பேரம் பேசுவேன். பகவதி என் கையைப் பிடித்துக் கழிப்பறைக்கு வழி காட்டுவாள். ஆறு பேரும் வழியெல்லாம் கசிந்துகொண்டே வருவார்கள், அந்த ஜெசிந்தா, அவ்வளவு கூர்மையான நாக்கு, அது குழறும்.

நீலம் என்று சொன்னால் வண்டி நிற்கும். கவசம் கட்ட ரெண்டு வருஷம். சாப்பாட்டுப் பொட்டலம் ஆளில்லா வண்டியில் வந்துவிடும், உயிர் இருக்கும். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு கதவைத் திறப்பவர்களிடம், 'நீங்க யாரு?' என்று கேட்பேன். அல்லது அதைக்கூடக் கேட்கமாட்டேன்.

நான் வீரன் இல்லை. ஊசிக்குப் பயந்து அம்மை ஊசி போடும் அன்று பள்ளிக்கூடத்துச் சுவர் ஏறிக் குதித்தவன். ஆனால் பொய் சொல்லி ஒரு பெண்ணின் நாக்கைக் குழறவைக்கும் அளவுக்குக் கெட்டிக்காரனும் இல்லை.

அனுப்பிவிட்டேன்:

"டாக்டர் ஜெசிந்தாவுக்கும் கமிட்டிக்கும். எலித்தீனியில் உள்ள அதே வைட்டமின், அதே அளவு, ஒரு வேளைகூடத் தவறாமல் எடுத்துக்கொண்டேன். என் தாள் நீலம். மனிதனுக்கு இது காப்பாகாது. கவசம் இல்லாமல் கிளம்பவேண்டாம். சிப்ஸை நீங்களே சாப்பிடவும். நமத்துப்போகும்."

அனுப்பிய பிறகு தரையில் உட்கார்ந்தேன். பெண் வீட்டு எலி ஒன்று சுவரில் முட்டி முட்டி நடந்தது. எழுந்துபோய்க் கம்பி வழியே விரல் நீட்டினேன். முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. சம்பந்தி என்று தெரிந்திருக்கும்.

நாள் 233

ஜெசிந்தா: "சார். கமிட்டி ஏத்துக்கிச்சு. வண்டியை நிறுத்திட்டாங்க. தலைவர் எழுந்து நின்னு உங்க பேரைச் சொன்னாரு, எல்லாரும் நின்னோம். நான் உங்ககூட சண்டை போடத்தான் வந்தேன், முடியலை. நீங்க ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா இப்ப நாங்க வந்துக்கிட்டு இருப்போம். ஏன் சார் இவ்ளோ நல்லவரா இருந்து தொலைச்சீங்க? தினமும் பேசுவேன். நீங்க பதில் போடலைன்னாலும் பேசுவேன்."

தலைவர் எழுந்து நின்றாராம். முடி நகர்ந்ததா என்று கேட்டு அனுப்பவேண்டும். மறக்காமல்.

பகவதிக்கும் எழுதினேன். அவளிடம் மறைக்க என்ன இருக்கிறது. பொடி விஷயத்தைச் சொன்னேன், அவள் வைத்த மிளகாய் இல்லாவிட்டால் இத்தனை நாள் தின்றிருக்கவே முடியாது என்றும். நன்றி என்று எழுதினேன். கல்யாணம் ஆகி முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நாள் 23 

தலைவர் முடி கேட்கவேண்டும்.

கலம் நலம். கலம் நலம் என்று ரெண்டு தடவை எழுதியிருக்கிறேன், ஒன்று போதும்.

நாள் 237 அல்லது அடுத்தது

பகவதி பேசி அனுப்பியிருக்கிறாள். குரல் அவளுடையதுதான். எழுதிவைக்கிறேன், திரும்பக் கேட்கத் தெரியுமோ என்னவோ.

"என்னங்க, நான்தான் பேசுதேன். நேத்துத்தான் ஒங்க கடுதாசியக் கையில குடுத்தாவ. பொடின்னு எழுதியிருக்கிய. வறுத்தா தின்னிய? அந்தத் தீனியையா வறுத்திய? லெமன் சோத்துக்கு அடுப்ப அணைக்காம பிழிஞ்சேன்னு என்னைய ஒரு வாரம் உயிர எடுத்த மனுசன் ஆக்கும் நீங்க! சூடு பட்டா சத்துப் போயிரும் போயிரும்னு நீங்கதானய்யா சொல்லுவிய! நான் அந்த டாக்டரம்மாகிட்டப் போயிக் கேட்டேன். அவ அப்படியே தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. நேத்தோட நாள் முடிஞ்சு போச்சாம், இனி வண்டி கிளம்ப முடியாதாம். ஏங்க, இனியாச்சும் பச்சையாத் தின்னுங்க. கேக்குதா? வறுக்காண்டாம். பச்சையா."

அழுகிறாள் போலிருக்கிறது. எதற்கு? லெமன் சாதம் என்கிறாள். பழைய சண்டையை எல்லாம் இத்தனை தூரம் அனுப்புகிறாள், கெட்டிக்காரி. சமாதானமாகப் பதில் போட்டேன்: "நீ வைத்த மிளகாய் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கவலைப்படாதே."

பச்சையாகத் தின்னச் சொல்கிறாள். அதை யார் தின்பார்கள்?

காலை

கண்டெடுப்பவருக்கு.

உங்களுக்கும் பசிக்கும். கூண்டுக்குப் பக்கத்தில் பெட்டி இருக்கிறது. வெள்ளையாக ஓடுகிறவர்களின் தீனி நல்லது, அதை எடுங்கள். அடுப்பில் பரப்பவேண்டும். மிளகாய், காயம். செக்கச்செவேல் என்று வருகிற வரை நன்றாக வறுக்கவேண்டும். அவசரப்படக்கூடாது. வாசனை வரும். அப்புறம் இடிக்கவேண்டும்.

எலுமிச்சை இருந்தால் சாறு விடலாம். ஆனால் அடுப்பை அணைத்த பிறகுதான். அணைக்காமல் பிழியவே கூடாது, அது சட்டம். அதற்கு ஒரு காரணம் உண்டு. பெரிய காரணம். நான்தான் எல்லோருக்கும் சொல்வேன்.

யாராவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.